கிளிப்பச்சை வட்டம்

அவளை வீட்டிலும் பட்டறையிலும் பொறி என்றுதான் கூப்பிட்டார்கள். இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும் மாடிப்படிக் கைப்பிடியும் செய்கிற பட்டறையில் அவள் வெல்டர். வேலையால் வந்த பெயர் என்று வெளியாட்கள் நினைத்தார்கள். குணத்தால் வந்த பெயர் என்பது வீட்டாருக்குத் தெரியும். "எனக்கு வராது" என்று அவள் சொல்லிக் கேட்டவர் கிடையாது. "செஞ்சு பார்த்தா தெரிஞ்சுடப் போகுது" என்பாள். பாதி நேரம் தெரிந்துவிடும். மீதி நேரம் வீட்டில் யாராவது வாளியும் துடைப்பமுமாக ஓட வேண்டியிருக்கும்.

அவள் கணவர் தையற்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. அவர் அளப்பார், மறுபடி அளப்பார், சாக்குக் கட்டியால் கோடு போடுவார், போட்ட கோட்டைச் சந்தேகத்தோடு பார்ப்பார், அப்புறம்தான் கத்திரியில் கை வைப்பார். "வெட்டினது வெட்டினதுதான்" என்பது அவர் வேதவாக்கு. இப்படி இரண்டு பேர் ஒரே கூரையின் கீழ் எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று மாடியில் இருந்த அவருடைய அக்காள் அடிக்கடி ஆச்சரியப்படுவாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் அவள். பொறி அவளை அண்ணி என்பாள்.

அந்த வருஷம் ஒரு பள்ளிக்கூடச் சீருடைக்காகத் தையற்காரர் கிளிப்பச்சை நூல் கேட்டு அனுப்பியிருந்தார். பெட்டி வந்தது. நிறத்தில் குறை சொல்ல முடியாது, அசல் கிளியேதான். ஆனால் நூல் மெல்லிய ஷூ நாடா பருமனில், தேங்காய் அளவு உருண்டைகளாக இருந்தது. எந்த மெஷின் ஊசியிலும் நுழையாது. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்ப வாங்க மாட்டோம் என்று அனுப்பியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"தூக்கிப் போட மனசு வரலை, வச்சுக்க இடமும் இல்லை" என்று தையற்காரர் பெட்டியைக் காலால் தள்ளினார்.

"என்கிட்ட குடுங்க" என்றாள் பொறி.

"உனக்கு எதுக்கு? கம்பியைக் கட்டி வைக்கவா?"

அண்ணி ஒரு உருண்டையை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். "இது குரோஷா நூல்டா. என் வேன்ல வர்ற டீச்சர் ஒருத்தங்க ஏறினதுலேருந்து இறங்குற வரைக்கும் இதையேதான் பின்னிக்கிட்டு வருவாங்க. ஒத்தை ஊசி, நுனியில கொக்கி. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? அப்போ நானே பின்னிடறேன்."

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார் தையற்காரர்.

"செஞ்சு பார்த்தா தெரிஞ்சுடப் போகுது."

தையற்காரர் அக்காளைப் பார்த்தார். அக்காள் வாளி எங்கே இருக்கிறது என்று பார்த்தாள்.

பொறி முதலில் செய்த காரியம், நூலில் ஒரு துண்டைக் கிள்ளி லைட்டரில் கொளுத்தியது. அது உருகாமல் சாம்பலாக உதிர்ந்தது. "பருத்தி" என்றாள். "உருகி உருண்டையா நின்னிருந்தா பிளாஸ்டிக். பட்டறைப் பக்கமே கொண்டு போக முடியாது."

"அது எனக்கும் தெரியும்" என்றார் தையற்காரர். துணி வாங்கும்போது அவரும் அப்படித்தான் பார்ப்பார்.

ஊசியை அவள் கடையில் வாங்கவில்லை. மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், பற்றவைப்பதற்கு வைத்திருந்த பித்தளைக் கம்பியில் ஒரு சாணுக்குக் குறைவாக வெட்டி வைஸில் பிடித்து அரத்தால் ராவ ஆரம்பித்தாள். ஃபிட்டர் அண்ணன் டப்பாவைக் கழுவிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, தூண்டில் போடப் போறியா?"

"ஆமாண்ணே. கிளி மாட்டுதா பார்க்கறேன்."

"இதெல்லாம் கடையில சல்லிசாக் கிடைக்குமே?"

"கடைக்காரனுக்கு என் கையோட கனம் தெரியுமா?"

முதல் கொக்கியின் விளிம்பு கூர்மையாகிவிட்டது. நூலைப் பிடித்தது, பிடித்த கையோடு நார் நாராகக் கிழித்தது. இரண்டாவதின் பள்ளம் ஆழமாகிவிட்டது. போன நூல் மாமியார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை மாதிரி வெளியே வர மறுத்தது. மூன்றாவதில் அவள் நுனியை மழுக்கி, கழுத்தைச் சரிவாக எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, பிறகு கன்னத்தில் வைத்து இழுத்துப் பார்த்தாள். கீறவில்லை. பிடிக்கு ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகினாள். ஃபிட்டர் அண்ணன் வாங்கித் தானும் கன்னத்தில் இழுத்துப் பார்த்துவிட்டு, "வழுக்குது" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் வாயிலிருந்து வருகிற உச்சபட்சப் பாராட்டு அதுதான்.

போனில் வீடியோ பார்த்துச் சங்கிலிப் பின்னல் கற்றுக்கொண்டாள். வீடியோவில் இருந்த பெண்ணின் விரல்கள் வெண்ணெயில் ஓடுவதுபோல் ஓடின. பொறியின் கை வேறு கை. வெல்டிங் பிடியைப் பிடிக்கிற மாதிரி ஊசியைப் பிடித்தாள், கம்பியை முறுக்குகிற மாதிரி நூலை முறுக்கினாள். கண்ணி விழுந்தது. ஆனால் அடுத்த வரிசைக்கு அந்தக் கண்ணிக்குள் ஊசியை நுழைக்கக் கடப்பாரைதான் வேண்டும் போலிருந்தது.

"பின்னலா, பூட்டா?" என்று கேட்டாள் அண்ணி.

பொறி யோசித்தாள். பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அவள் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: பிடியை இறுக்கினால் கை நடுங்கும், கை நடுங்கினால் பற்றவைப்பு கோணலாகும், தோளைத் தளர விடு. அதையே இப்போது தன் தோளுக்குச் சொன்னாள். தோள் நான்கு நாள் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம், அண்ணி வேனில் நடந்த ஒரு சண்டையை விவரித்துக்கொண்டிருக்க, அதில் லயித்துப்போய்க் கையை மறந்திருந்த நேரத்தில், கண்ணிகள் ஒன்றுக்கொன்று ஒரே அளவாக, தாராளமாக விழுந்திருந்தன. "அண்ணி, நிறுத்தாதீங்க, அந்தப் பையன் அப்புறம் என்ன செஞ்சான்?" என்று அவள் கெஞ்சியதன் காரணம் அண்ணிக்குக் கடைசி வரை தெரியாது.

முதல் வேலையாக ஒரு சதுரத் துணி பின்னுவது என்று முடிவு செய்தாள். சதுரத்தில் என்ன கஷ்டம் இருக்க முடியும்? போவது, திரும்புவது, போவது, திரும்புவது. ஒரு வாரம் கழித்து அதைத் தையற்காரரின் மேஜையில் விரித்தாள். அவர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துக் கீழ் விளிம்பை அளந்தார், மேல் விளிம்பை அளந்தார். கீழே ஒன்றரை முழத்துக்கு மேல் இருந்தது, மேலே மூன்று விரல்கூட இல்லை.

"சதுரம்னு சொன்னியே, மிச்ச மூலையை எங்க வச்சே?"

ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஓரத்துக் கண்ணியை அவள் விட்டுவிட்டிருக்கிறாள். ஓரக் கண்ணி திரும்புகிற இடத்தில் ஒதுங்கிப் படுத்துக்கொள்ளும், கண்ணில் படாது. பொறி அந்த முக்கோணத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். பிறகு தலையில் வைத்துப் பின்னால் முடிச்சுப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள்.

"தலைக்குத் துணி வேணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"இதைத்தான் பின்ன நினைச்சியா?"

"கடைசியில நினைச்சேன்."

சமாளிப்பதற்காகச் சொன்னதுதான் என்றாலும் அது உண்மையாகிப் போனது. முகமூடிக்கு அடியில் நெற்றி வேர்வை கண்ணில் இறங்குவதுதான் பட்டறையில் எல்லாருக்கும் தலைவலி. இந்தத் துணி வேர்வையைக் குடித்தது. தீப்பொறி பட்டாலும் உருகி ஒட்டவில்லை. கிளிப்பச்சைத் தலையோடு அவள் நடந்து வந்த முதல் நாள் பட்டறையே சிரித்தது. மூன்றாம் நாள் ஃபிட்டர் அண்ணன் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கு ஒண்ணு கிடைக்குமா? கலர் கொஞ்சம் அடக்கமா?" என்று கேட்டார். அடக்கமான கலர் இல்லை என்றாள். பரவாயில்லை என்றார். அவருக்கு நெற்றிப் பட்டையாக, ஒரே அகலத்தில் பின்னினாள். இந்த முறை ஓரக் கண்ணி ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை நூல் துண்டைச் செருகி அடையாளம் வைத்துக்கொண்டாள். பட்டை நேராக வந்தது.

அடுத்தது தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு பை. பாட்டில் அளவுக்கே கச்சிதமாகப் பின்னியதில் பாட்டில் உள்ளே போனது, வெளியே வரவில்லை. அதற்கென்ன, பையோடு கழுவலாம், பையோடு குடிக்கலாம் என்று அதையும் ஏற்றுக்கொண்டாள்.

பிறகுதான் வட்டத்துக்கு வந்தாள்.

தையற்காரர் மெஷின் முன்னால் உட்கார்கிற முக்காலி மரப்பலகை போட்டது. அவர் அதன்மேல் ஒரு பழைய சட்டையை மடித்துப் போட்டுக்கொள்வார். அது நழுவும், இழுத்துப் போடுவார், மறுபடி நழுவும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவர் பாதி எழுந்து பாதி உட்கார்கிறார் என்று பொறி ஒரு விடுமுறை நாளில் கவனித்தாள். கவனித்த பிறகு பார்க்காமல் இருக்க முடியவில்லை. முக்காலிக்குத் தடிமனாக, வட்டமாக, நாடா வைத்துக் கட்டுகிற மாதிரி ஒரு மெத்தை விரிப்பு. அதுதான் அடுத்தது.

வட்டம் போட உட்கார்ந்தாள், கிண்ணம் வந்தது. சுற்றுக்குச் சுற்று கண்ணி கூட்டாததால் ஓரங்கள் மேலே எழும்பிக் குவிந்துவிட்டன. அண்ணி அதை எடுத்துக்கொண்டு போய் வேன் சாவி போட்டு வைத்தாள். இரண்டாவது தடவை தாராளமாகக் கூட்டினாள். ஓரம் சேவல் கொண்டை மாதிரி நெளிந்தது. "பிள்ளையார் பிடிக்கக் குரங்கா ஆன கதை கேட்டிருக்கேன். நீ ஒரு மிருகக்காட்சி சாலையே வச்சிருக்கே" என்றார் தையற்காரர்.

விடை பட்டறையில் கிடைத்தது. வட்ட ஜன்னல் ஒன்றுக்குள் வளையத்துக்குள் வளையமாகக் கம்பி வளைத்துக்கொண்டிருந்தாள். வளையங்களுக்கு நடுவே இடைவெளி ஒன்றாக இருந்தால், உள்ளிருந்து வெளியே போகப் போக ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரே நீளம்தான் கூடுதலாக வெட்ட வேண்டும். வருஷக்கணக்காக அப்படித்தான் வெட்டிக்கொண்டிருக்கிறாள். கம்பியைக் கீழே வைத்தாள். "அட, இதுதானா!" என்று அவள் கத்தியதில் அவள் கையைச் சுட்டுக்கொண்டாளோ என்று ஃபிட்டர் அண்ணன் ஓடி வந்தார். ஆறு கண்ணியில் ஆரம்பித்தால் சுற்றுக்கு ஆறு கூட்ட வேண்டும், எல்லாச் சுற்றுக்கும் அதே ஆறு. வீடியோக்காரி அதைத்தான் சொல்லியிருக்கிறாள். பொறிக்கு அது கம்பியில் வந்தபோதுதான் மண்டையில் ஏறியது.

வட்டம் தட்டையாக வளர்ந்தது. தட்டளவு ஆனது. தாம்பாள அளவை நெருங்கியது. நடுவில் ஒரு சுற்றில் அவள் தங்கையோடு போனில் பேசிக்கொண்டே பின்னியதில் கணக்குத் தப்பிச் சில கண்ணிகள் அதிகமாகிவிட்டன. ஓரம் லேசாக அலையடித்தது. தையற்காரர் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது.

"இங்கே நெளியுது."

"உங்க வெயிட்டுக்கு அமுங்கிடும்."

"ஒரு தையல்காரன் உட்கார்ற இடத்துல நெளிஞ்ச ஓரமா?"

"பார்க்கறவங்களுக்குத் தெரியாது. அதுமேலதானே உட்காரப் போறீங்க" என்று சொல்லிவிட்டு மேலே பின்னிக்கொண்டு போனாள். பிரிக்க வேண்டும் என்று அவளுக்கும் தெரியும். வாயைக் கொடுத்தாயிற்று, இனி எப்படி இறங்குவது?

ஒரு விடுமுறைக் காலையில் கடைசிச் சுற்றில் பாதி வந்திருந்தது. மேலேயிருந்து அண்ணி கூப்பிட்டாள். அலமாரியை நகர்த்த வேண்டுமாம். பொறி ஊசியை உருவிக் கொண்டைக்குள் செருகிக்கொண்டு, வட்டத்தை வெட்டுகிற மேஜைமேல் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

தையற்காரர் மேஜைக்கு வந்தார். வட்டத்தைக் கையில் எடுத்தார். மனதுக்குள் அவருக்கு அது பிடித்திருந்தது, நெளிவு நீங்கலாக. ஓரத்திலிருந்து ஒரு நூல் தொங்கி, கீழே கிடந்த உருண்டைவரை போயிருந்தது. தொங்குகிற நூலைக் கண்டால் அவர் கை அவரைக் கேட்காது. கத்திரி திறந்தது, மூடியது. ஓரத்தில் இன்னும் விரல் நீளத்துக்கு ஒரு நுனி தொங்கியது. ஒட்ட நறுக்குவதற்காக அதைப் பிடித்து இழுத்தார். அது நீண்டது. இன்னும் கொஞ்சம் இழுத்தார். இன்னும் நீண்டது. எங்கேயோ நிற்கத்தானே வேண்டும் என்று மூன்றாவது முறை கை நீட்டி இழுத்தார். டக் டக் டக் என்று மெல்லிய சத்தத்தோடு அது சுற்றுக்குச் சுற்று கழன்று வந்தது. நூலாகிய ஒன்றுக்கு முடிவு என்று ஒன்று இருக்கும் என்பது அவருடைய தொழில் நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடு இழுத்துக்கொண்டே இருந்தார்.

பொறியும் அண்ணியும் இறங்கி வந்தபோது தையற்காரர் முழங்கால்வரை சுருள் சுருளான கிளிப்பச்சையில் நின்றுகொண்டிருந்தார். கையில் உள்ளங்கை அளவு வட்டம் மிச்சமிருந்தது.

"அடப்பாவி" என்றாள் அண்ணி.

"நூல் தொங்கிச்சு" என்றார் தையற்காரர். குரல் அவருக்கே கேட்கவில்லை. பிறகு கொஞ்சம் வீறாப்பாக, "ஒரு முடிச்சு போட்டு வச்சிருக்கக் கூடாதா?" என்றார். அதுவும் எடுபடவில்லை என்று தெரிந்ததும் கத்திரியை மேஜையில் வைத்துவிட்டார்.

பொறிக்கு முகம் சிவந்தது. மூன்று வாரச் சாயங்காலங்கள். வாய்வரை என்னென்னவோ வந்தது. வந்ததை எல்லாம் பல்லுக்குப் பின்னால் நிறுத்தி, அவர் கையிலிருந்த சின்ன வட்டத்தை வாங்கிப் பார்த்தாள். கூட்டல்கள் ஆறும் வரிசையாக, மூக்கும் முழியுமாக இருந்தன. நெளிவைத் தேடினாள். நெளிவு அவர் கால்மேல் கிடந்தது.

"என்னால சரி பண்ண முடியாதே" என்றார் தையற்காரர். "வெட்டினது வெட்டினதுதான்."

"என்ன வெட்டினீங்க? ஒரே ஒரு இடத்துல நூலை வெட்டினீங்க. மிச்சம் எல்லாம் இழுத்ததுதானே?" அவள் குனிந்து நூலை அள்ளினாள். "துணியா இருந்தா போச்சு. கம்பியா இருந்தாலும் போச்சு. இது அப்படியே இருக்கு பாருங்க. ஒரு முழம் குறையலை."

தையற்காரர் நூலைப் பார்த்தார். ஒருவர் முப்பது வருஷம் கத்திரி பிடித்தபின் இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டால் உடனே நம்ப மாட்டார். ஒரு நுனியை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தார்.

"நெளிவும் போயிடுச்சு" என்றார் மெதுவாக.

"போயிடுச்சு. நானா பிரிச்சிருக்க மாட்டேன். வாயைக் குடுத்துட்டேனே."

அண்ணிதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும்.

அன்றைக்கு மத்தியானம் அவருடைய முறை. பிரித்த நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டிருந்தது. அப்படியே பின்னினால் கண்ணி ஒன்றுபோல் வராது என்று அவள் கவலைப்பட்டாள். "அதை என்கிட்ட விடு" என்றார். நூலை நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கினார், ஈரத்துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியைத் தொடாமல் ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்து, ஆவி மட்டும் படும்படி மெல்ல மெல்ல நகர்த்தினார். சுருள்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. பொறி பக்கத்தில் நின்று பார்த்தாள். தன் கணவர் வேலை செய்வதை நின்று பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது என்று தோன்றியது.

"அழுத்தினா நூல் செத்துடும். ஆவிக்குத்தான் படியும்" என்றார்.

"தெரிஞ்சுக்கிட்டேன்."

இரண்டாவது தடவை அந்த வட்டம் முன்பு பிடித்த நாட்களில் பாதியிலேயே வளர்ந்தது. சுற்றுக்கு ஆறு, ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் வெள்ளை நூல் அடையாளம். தங்கை போன் செய்தால் ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள். கடைசிக் கண்ணியை முடிந்து, நுனியைப் பின்னலுக்குள்ளேயே ஒளித்து, நாலு நாடா வைத்தாள். தையற்காரர் அதைப் பலகையில் குண்டூசி குத்தி இழுத்து வைத்து ஆவி காட்டினார். ஓரம் கோடு போட்டதுபோல் படிந்தது. முக்காலியில் கட்டினார்கள். அவர் உட்கார்ந்தார், மெஷினை மிதித்தார், ஒரு முழுக் காற்சட்டையை எழுந்திருக்காமல் தைத்து முடித்தார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நழுவலை" என்றார். அவரும் ஃபிட்டர் அண்ணன் ஜாதிதான். பாராட்டு ஒரு சொல்லுக்கு மேல் போகாது.

ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம் வேறு மாதிரிப் பேசினார். சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஒருவர் "இந்த மெத்தை எங்கே கிடைச்சுது?" என்று கேட்டபோது, சுற்றுக்கு ஆறு கண்ணி கூட்ட வேண்டும், கூடினால் நெளியும், குறைந்தால் கிண்ணமாகும் என்று தானே பின்னியதுபோல் விளக்கிக்கொண்டிருந்தது உள்ளறையிலிருந்த பொறியின் காதில் விழுந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

பெட்டியில் இன்னும் பாதிக்கு மேல் கிளிப்பச்சை இருந்தது. ஒரு சாயங்காலம் அவள் காலணி கழற்றாமல் முன்னறைக்கு வந்து, "உங்க டேப்பைக் குடுங்க. காலை நீட்டுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"காலுறை பின்னப் போறேன்."

"அதுல குதிகால் இருக்கே. திரும்பி வளைஞ்சு போகுமே. அது எப்படிப் பின்னறதுன்னு தெரியுமா?"

"தெரியாது."

இந்த முறை தையற்காரர் வாளியை நினைக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார். அவள் அளப்பது சரியாக இல்லை என்று டேப்பைப் பிடுங்கித் தானே பாதத்தை அளந்து, கணுக்காலை அளந்து, சந்தேகத்தோடு மறுபடியும் அளந்தார்.

"ஒரு காலுக்குப் பின்னிட்டு அலுத்துப் போய் நிறுத்திடாதே. அப்புறம் நான் என்ன செய்யறது?"

"என்ன செய்வீங்க? ஒத்தைக் கால்ல நிப்பீங்க. அது உங்களுக்குப் பழக்கம்தானே?"

மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த அண்ணி சிரித்த சிரிப்பு தெருவரை கேட்டது. பொறி கொண்டையிலிருந்து ஊசியை உருவி, முதல் கண்ணியைப் போட்டாள்.